தொலைதூரக் கல்வியில் பிஎச்.டி. கிடையாது: வேலையில் இருந்தபடியே துறையிடை ஆய்வுப் பட்டம் பெறும் வழி

வேலையை விடாமல், ஊரை விட்டு நகராமல், இரண்டு துறைகளை இணைத்து ஒரு முனைவர் பட்டம் வாங்க முடியுமா என்று தேடினால் முதலில் வந்து நிற்பவை விளம்பரங்கள்தாம். ‘ஆன்லைன் பிஎச்.டி.’, ‘வகுப்பே வேண்டாம்’, ‘யூஜிசி அங்கீகாரம் உண்டு’. இந்தியாவில் இவை எதுவும் செல்லாது. செல்லக்கூடிய வழி பகுதி நேர பிஎச்.டி. மட்டும்தான். அந்த வழியில் எந்தப் படியில் எந்தத் தாளைக் கேட்பார்கள், எங்கே மாதக்கணக்கில் முடங்குவீர்கள், பணம் எங்கெங்கே போகும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்காக எழுதியது இது.

புரிவதற்கு ஓர் உதாரணத்தைக் கடைசி வரை கையில் வைத்துக்கொள்வோம். எம்.ஏ. தமிழ் படித்த பள்ளி ஆசிரியர் ஒருவர். சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் நில அளவு, வரி, கொடை பற்றிய சொற்களைக் கணினி நிரலால் பிரித்தெடுத்து ஆராய விரும்புகிறார். பாதி தமிழ், பாதி கணினி அறிவியல்.

1. விதியைப் படியுங்கள், விளம்பரத்தை அல்ல

2022 நவம்பரில் யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, வெளியிட்ட பிஎச்.டி. விதிமுறைகள்தாம் இன்றைக்கு அடிப்படை. எந்த உயர்கல்வி நிறுவனமும் தொலைதூர முறையிலோ இணையவழியிலோ பிஎச்.டி. நடத்தக் கூடாது என்று அவை நேராகவே சொல்கின்றன. பகுதி நேரமாகப் படிக்கலாம் என்பதும் அதே விதிமுறைகளில் இருக்கிறது. முழு நேர மாணவருக்கு உள்ள நிபந்தனைகள் எல்லாம் பகுதி நேர மாணவருக்கும் பொருந்தும்.

பெயரைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். இக்னோவிலும் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் பிஎச்.டி. உண்டு. இக்னோவில் துறையிடைப் படிப்புகளுக்கென்றே தனிப் புலம் இருக்கிறது. ஆனால் அவற்றின் பி.ஏ., எம்.ஏ. படிப்புகளைப் போல பிஎச்.டி.யும் அஞ்சல் வழியில் நடப்பதில்லை. நுழைவு, கோர்ஸ்வொர்க் (ஆய்வோடு முடிக்க வேண்டிய பாடங்கள்), ஆய்வுக்குழு (முன்னேற்றத்தை மதிப்பிடும் குழு) எல்லாம் மற்ற இடங்களைப் போலவேதான்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தனியார் கல்வி நிறுவனங்கள் விற்கும் ‘ஆன்லைன் பிஎச்.டி.’ பற்றி யூஜிசியும் தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇயும் 2022 அக்டோபரில் சேர்ந்தே எச்சரித்தன. தென்னாப்பிரிக்காவின் யுனிசா போல உண்மையிலேயே தொலைதூர முறையில் ஆய்வுப் பட்டம் தரும் பழைய பல்கலைக்கழகங்களும் உலகில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டத்தைக் காட்டி இங்கே கல்லூரி வேலை கேட்கப்போகிறீர்கள் என்றால், இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் சமநிலைச் சான்றிதழ் கிடைக்குமா என்பதை எழுத்தில் உறுதிசெய்த பிறகே கட்டணம் கட்டுங்கள்.

உள்நாட்டிலும் பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றது என்பது மட்டும் போதாது. பிஎச்.டி. விதிகளைப் பின்பற்றவில்லை என்று ராஜஸ்தானில் மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள் 5 ஆண்டுகளுக்கு ஆய்வு மாணவர்களைச் சேர்க்கக் கூடாதென 2025 ஜனவரியில் யூஜிசி தடை விதித்தது. அவையும் சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகங்கள்தாம். ஆகவே யூஜிசி தளத்தில் மூன்று பட்டியல்களையும் பாருங்கள்: அங்கீகாரம் பெற்றவை, போலிகள், தடை விதிக்கப்பட்டவை.

2. தாய்த் துறையை முடிவு செய்யுங்கள்

துறையிடை ஆய்வில் மிக முக்கியமான முடிவு இதுதான். பெரும்பாலானவர்கள் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள்.

தலைப்பு எத்தனை துறைகளைத் தொட்டாலும் பதிவு ஒரு துறையில்தான் நடக்கும். பட்டச் சான்றிதழிலும் பெரும்பாலும் அந்தத் துறையின் பெயரே இருக்கும். நாளைக்கு உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பித்தால், ‘முதுகலையும் பிஎச்.டி.யும் உரிய பாடத்தில் உள்ளனவா’ என்பதுதான் சான்றிதழ் சரிபார்ப்பில் வரும் முதல் கேள்வி. எம்.ஏ. தமிழும் கணினி அறிவியல் பிஎச்.டி.யும் வைத்திருப்பவர் இரண்டு துறைகளுக்கும் அந்நியராகிவிடும் ஆபத்து உண்டு. சமநிலை அரசாணை தேடி அலைய வேண்டியிருக்கும்.

அதனால் என் ஆலோசனை இது. கற்பித்தல் பணிதான் குறிக்கோள் என்றால், முதுகலை எந்தத் துறையோ அதையே தாய்த் துறையாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றத் துறையை இணை நெறியாளர் (ஆய்வை வழிநடத்தும் நெறியாளருக்குத் துணையான இரண்டாமவர்) வழியாகவும் கோர்ஸ்வொர்க் வழியாகவும் உள்ளே கொண்டுவாருங்கள். நம் ஆசிரியர் தமிழ்த் துறையில் பதிவு செய்கிறார், கணினி அறிவியலிலிருந்து இணை நெறியாளர் வருகிறார். ஏற்கெனவே நிரந்தர வேலையில் இருந்து, பட்டம் அறிவுக்காக மட்டும் என்றால் இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. அப்போது நல்ல நெறியாளர் எந்தத் துறையில் இருக்கிறாரோ அங்கே போகலாம்.

போவதற்கு முன், எந்த முதுகலைக்கு எந்தத் துறையில் பிஎச்.டி. பதியலாம் என்று பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கும் பட்டியலைப் பாருங்கள். சில இடங்களில் ‘துறையிடை’ என்று தனிப்பிரிவே இருக்கும், சில இடங்களில் இருக்காது. பட்டியலில் இல்லாத சேர்க்கையாக இருந்தால், ‘தகுதி உண்டா’ என்று ஆராய்ச்சிப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை வாங்கி வையுங்கள். தொலைபேசியில் ‘பார்த்துக்கொள்ளலாம் சார்’ என்று சொன்னவர் சரிபார்ப்பு நாளில் அந்த இருக்கையில் இருக்கமாட்டார்.

3. உங்கள் தகுதியைக் கணக்கிடுங்கள்

3 ஆண்டு இளங்கலைக்குப் பிறகு 2 ஆண்டு முதுகலை, அல்லது 4 ஆண்டு இளங்கலைக்குப் பிறகு 1 ஆண்டு முதுகலை. இரண்டிலும் முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். 4 ஆண்டு இளங்கலை மட்டும் முடித்தவருக்கு 75 விழுக்காடு. பட்டியல் சாதி, பழங்குடி, கிரீமி லேயர் அல்லாத ஓபிசி, மாற்றுத்திறனாளி, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு.

தொலைதூரக் கல்வியில் படித்த எம்.ஏ. செல்லும், அந்த ஆண்டில் அந்தப் படிப்புக்கு யூஜிசி அனுமதி இருந்திருந்தால். அந்த அனுமதிக் கடிதத்தின் நகலை இப்போதே எடுத்து வையுங்கள். 10, பிளஸ் 2, இளங்கலை, முதுகலை என்ற வரிசை தவறி, இளங்கலை இல்லாமல் நேரடியாக முதுகலை முடித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் கதவு பெரும்பாலும் அடைபட்டிருக்கும். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

4. இரண்டு நெறியாளர்களைப் பிடியுங்கள்

பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் நெறியாளராக இருக்க முடியும். ‘காலியிடம் இருக்கிறதா’ என்பதே உங்கள் முதல் கேள்வி. பல பல்கலைக்கழகங்கள் நெறியாளர் பட்டியலைக் காலியிட எண்ணிக்கையோடு தளத்தில் போடுகின்றன. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் அமைப்பான இன்ஃப்ளிப்நெட்டின் வித்வான் தளத்தில் துறைவாரியாக ஆட்களைத் தேடலாம். அதே அமைப்பின் சோத்கங்காவில் உங்கள் தலைப்புக்கு நெருக்கமான ஆய்வேடுகளைத் திறந்து, முதல் பக்கத்தில் நெறியாளர் பெயரைப் பார்ப்பது இன்னும் நல்ல வழி. அப்படிப் பார்க்கும்போதே உங்கள் தலைப்பில் யாராவது ஏற்கெனவே ஆய்வு செய்துவிட்டார்களா என்பதும் தெரிந்துவிடும். நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளின் முன்மொழிவுகள் சோத்கங்கோத்ரியில் இருக்கும்.

அடுத்தது வயது. ஓய்வுக்கு 3 ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர் புதிய மாணவரை எடுக்க முடியாது. சரியாக 3 ஆண்டு பாக்கி உள்ளவர் எடுக்கலாம்தான். ஆனால் பகுதி நேர ஆய்வு 5, 6 ஆண்டு ஓடும். இடையில் அவர் ஓய்வு பெற்றால் இணை நெறியாளராக 70 வயது வரை தொடரலாம், முதன்மை நெறியாளராக வேறொருவர் வர வேண்டும். அந்த மாற்றத்துக்கு ஒரு குழுக் கூட்டம், ஒரு கட்டணம், சில மாதக் காத்திருப்பு. குறைந்தது 7 ஆண்டு பணிக்காலம் உள்ளவரைத் தேடுங்கள்.

முதன்மை நெறியாளர் நீங்கள் பதியும் நிறுவனத்தின் நிரந்தர ஆசிரியராக இருக்க வேண்டும். இணை நெறியாளரோ வேறு துறையிலிருந்தும் வரலாம், வேறு பல்கலைக்கழகத்திலிருந்தும் வரலாம். துறையிடை ஆய்வுக்கு இதை விதிமுறையே அனுமதிக்கிறது. வெளியிலிருந்து வந்தால் அவருடைய நிறுவனத்தின் சம்மதக் கடிதம், அவருடைய பிஎச்.டி. சான்றிதழ், வெளியீட்டுப் பட்டியல் ஆகியவை தேவைப்படும். இந்தக் கடிதம் வரத்தான் எதிர்பார்த்ததைவிட அதிக நாள் பிடிக்கும். விண்ணப்பிக்கும்போதே இரண்டு பெயர்களையும் போட்டுவிடுங்கள். ‘சேர்ந்த பிறகு இணை நெறியாளரைப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டவர்களின் ஆய்வு நாளடைவில் ஒற்றைத் துறை ஆய்வாகச் சுருங்கிப்போகும்.

முதல் மின்னஞ்சலில் வாழ்க்கை வரலாறு வேண்டாம். 10 வரி போதும்: நீங்கள் யார், என்ன கேள்வி, எந்தத் தரவு, அவருடைய எந்தக் கட்டுரையோடு அது தொடுகிறது, பகுதி நேரமா முழு நேரமா. கூடவே இரண்டு பக்கக் குறிப்பு. அதில் இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் இருக்க வேண்டும்: முதல் துறையால் மட்டும் இந்தக் கேள்விக்கு ஏன் விடை காண முடியாது? இரண்டாம் துறையிலிருந்து சரியாக எந்தக் கருவியை எடுக்கிறீர்கள்? ‘கணினித் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தி’ என்று எழுதினால் கணினிப் பேராசிரியர் அங்கேயே மூடிவிடுவார். ‘அச்சான கல்வெட்டுப் பாடங்களில் நில அளவுச் சொற்களைக் கையால் குறியிட்டு, அந்தக் குறிகளைக் கொண்டு பெயர்ச்சொல் அறியும் நிரலைப் பயிற்றுவித்தல்’ என்று எழுதினால் மேலே படிப்பார்.

நேரில் பார்க்கும்போது அவருடைய இப்போதைய மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். அத்தியாயம் கொடுத்தால் எத்தனை வாரத்தில் திருப்பித் தருகிறார் என்று கேளுங்கள். அந்த ஒரு பதிலில் உங்கள் அடுத்த 5 ஆண்டு தெரிந்துவிடும்.

5. தடையின்மைச் சான்று

பகுதி நேரத்தில் சேர்வதற்கு வேலை செய்யும் இடத்திலிருந்து என்ஓசி என்ற தடையின்மைச் சான்று கட்டாயம். அதில் என்ன வாசகம் இருக்க வேண்டும் என்பதை விதிமுறை குறிப்பாகச் சொல்கிறது. மூன்று செய்திகள்: பகுதி நேரமாகப் படிக்க அனுமதி உண்டு; ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க அவருடைய பணி இடம் தருகிறது; தேவைப்பட்டால் கோர்ஸ்வொர்க் முடிக்கப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார். ‘மேற்படிப்புக்கு ஆட்சேபணை இல்லை’ என்ற ஒற்றை வரிக் கடிதத்தோடு போய்த் திரும்பி வருகிறவர்கள் ஏராளம். மூன்று வரிகளையும் நீங்களே தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு மட்டும் கொடுங்கள்.

அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் துறைவழியாக முன் அனுமதி பெற வேண்டும். கோப்பு தலைமையாசிரியரிடமிருந்து மாவட்ட அலுவலகம் வழியாக மேலே போய்த் திரும்ப வேண்டும் என்பதால், நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் அன்றே இதையும் கொடுத்துவிடுங்கள். சேர்ந்த பிறகு பின்தேதியிட்ட அனுமதி கேட்பது பெரிய தலைவலி. முன் அனுமதி இல்லாத பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்ற மறுக்கும்போதுதான் அதன் விலை தெரியும்.

தனியார் நிறுவனத்தில் இருப்பவர் வேலை மாறினால் புதிய இடத்தின் என்ஓசியைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க வேண்டும். ஆறாவது ஆண்டில் ஆய்வேடு கொடுக்கப் போகும்போது இது விடுபட்டிருப்பது தெரிந்தால் சமர்ப்பிப்பே நிற்கும்.

6. நுழைவு: நெட்டா, பல்கலைக்கழகத் தேர்வா?

2024-25 முதல் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். முடிவு மூன்று வகையாக வரும்: ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை), உதவிப் பேராசிரியர் தகுதியோடு பிஎச்.டி. சேர்க்கை, பிஎச்.டி. சேர்க்கை மட்டும். பின் இரண்டு வகையினருக்கும் நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்முகத்துக்கு 30 விழுக்காடு. சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். எனவே நெறியாளரும் என்ஓசியும் கைக்கு வருவதற்கு முன்பே நெட் எழுதினால், மதிப்பெண் காலாவதியாகி மறுபடி எழுத வேண்டி வரலாம்.

நெட் ஆண்டுக்கு இருமுறை, ஜூன், டிசம்பர் சுற்றுகளாக நடக்கிறது. இரண்டு தாள்கள், 150 கேள்விகள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, ஆகவே எதையும் விடாமல் எழுதுங்கள். சுற்றுச்சூழல் அறிவியல், மகளிரியல், மக்கள்தொகை ஆய்வு, நாட்டுப்புற இலக்கியம் போன்ற கலப்புப் பாடங்களும் பட்டியலில் உண்டு. ஆனால் பாடத்தைத் தேர்வதற்கு முன் 2ஆம் படியில் சொன்ன தாய்த் துறையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகம் தானே தேர்வு நடத்தினால் பாதிக் கேள்விகள் ஆய்வு முறையியல், பாதி உங்கள் பாடம். 50 விழுக்காடு எடுத்தால் நேர்முகம். முறையியல் பகுதியைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள்: மாதிரித் தேர்வு, கருதுகோள், அடிப்படைப் புள்ளியியல், மேற்கோள் முறை. தமிழ்நாட்டில் பல இடங்களில் ஜனவரி, ஜூலை என இரு சேர்க்கைச் சுற்றுகள் உண்டு.

நேர்முகக் குழுவில் உங்கள் இரண்டாம் துறை தெரிந்தவர் யாரும் இல்லாமல் இருக்கலாம். நிரல் பற்றித் தமிழ்ப் பேராசிரியருக்குப் புரியும் மொழியில் 3 நிமிடம் பேசப் பயிற்சி எடுத்துப் போங்கள்.

7. ஆவணக் கோப்பு

10, பிளஸ் 2 மதிப்பெண் பட்டியல்கள்; இளங்கலை, முதுகலை மதிப்பெண் பட்டியல்களும் பட்டச் சான்றிதழ்களும்; வேறு பல்கலைக்கழகத்தில் படித்திருந்தால் இடப்பெயர்வுச் சான்று (மைக்ரேஷன்); சாதிச் சான்று; என்ஓசி; பணிச் சான்று; நெட் மதிப்பெண் அட்டை; இரு நெறியாளர்களின் சம்மதக் கடிதம்; ஆய்வு முன்மொழிவு; ஆதார்; புகைப்படம். ஒவ்வொன்றுக்கும் 3 நகல், ஒரு ஸ்கேன்.

சிக்கல் வருவது மூன்று இடங்களில். முதலாவது இனிஷியல். 10ஆம் வகுப்புச் சான்றிதழில் ‘கு’ என்று ஒற்றை எழுத்து, ஆதாரில் தந்தையின் முழுப் பெயர், பட்டச் சான்றில் இனிஷியல் பின்னால். நெட் விண்ணப்பத்தில் ஒரு விதம், பல்கலைக்கழக விண்ணப்பத்தில் வேறு விதம் என்று போனால் சரிபார்ப்பில் நிற்கும். 10ஆம் வகுப்புச் சான்றில் உள்ளதை மூலமாகக் கொண்டு ஆதாரைத் திருத்துங்கள். பெயரே வேறு என்றால் அரசிதழில் மாற்ற வேண்டும், அதற்குத் தனியாகச் சில மாதம் ஒதுக்குங்கள்.

இரண்டாவது சாதிச் சான்று. தமிழக அரசின் பிசி, எம்பிசி நிரந்தரச் சான்று நெட் தேர்வுக்குப் போதாது. அங்கே மத்திய அரசுப் படிவத்தில் கிரீமி லேயர் அல்லாதவர் என்ற ஓபிசி சான்று வேண்டும். இ-சேவை மூலம் விண்ணப்பித்து நடப்பு நிதியாண்டுக்கானதை வாங்குங்கள்.

மூன்றாவது, இடப்பெயர்வுச் சான்று. படித்து முடித்துப் 10 ஆண்டு கழித்துக் கேட்டால் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்துத் தர வேண்டியிருக்கும். நெறியாளர் ‘சரி’ சொன்ன வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

8. பணம்

எல்லோரும் ஆண்டுக் கட்டணத்தை 3 ஆல் பெருக்கிப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். 6 ஆல் பெருக்குங்கள். ஆண்டுக்கு 20,000 ரூபாய் என்றால் 60,000 அல்ல, 1,20,000. அரசுப் பல்கலைக்கழகத்துக்கும் தனியார் நிகர்நிலைக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. சேர்க்கை அறிவிப்பில் உள்ள முழுக் கட்டண அட்டவணையை அச்சிட்டு, இவை ஒவ்வொன்றும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்: விண்ணப்பம், பதிவு, ஆண்டுக் கட்டணம், ஆய்வகம், கோர்ஸ்வொர்க் தேர்வு, தலைப்பு மாற்றம், நெறியாளர் மாற்றம், கால நீட்டிப்பு, சுருக்க அறிக்கை, ஆய்வேடு மதிப்பீடு.

அட்டவணைக்கு வெளியே பயணம்தான் பெரிய செலவு. ஒவ்வொரு பருவத்துக்கும் ஆய்வுக்குழுவின் முன் நிற்க வேண்டும். 5 ஆண்டுக்கு 10 முறை. நெறியாளரைப் பார்க்க மாதம் ஒருமுறை என்றால் இன்னும் 60 பயணம். இந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான், உங்கள் ஊரிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய தூரத்தில், பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஆய்வு மையமாக அங்கீகாரம் பெற்ற கல்லூரி இருக்கிறதா என்று முதலில் தேடச் சொல்கிறேன்.

ஜேஆர்எஃப் உதவித்தொகை முழு நேர ஆய்வாளருக்கானது, சம்பளம் வாங்கும் பகுதி நேரத்தவருக்கு வராது. மென்பொருளுக்குச் செலவு வேண்டாம்: மேற்கோள்களுக்குச் சொடேரோ, புள்ளியியலுக்கு ஆர், நிரலுக்குப் பைத்தான், வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ் எல்லாம் இலவசம்.

‘ஆய்வேடு எழுதித் தருகிறோம்’ என்று வரும் குறுஞ்செய்திகளை அழித்துவிடுங்கள். அது பணம் போகிற விஷயம் மட்டுமல்ல. எத்தனை ஆண்டு கழித்துப் பிடிபட்டாலும் பட்டம் போய்விடும், அதை நம்பி வாங்கிய வேலையும் போய்விடும்.

9. கோர்ஸ்வொர்க்: இரண்டாம் துறையைக் கற்கும் இடம்

குறைந்தது 12 கிரெடிட் (பாடத்தின் எடையைக் குறிக்கும் அலகு). அதில் ஆய்வு முறையியல் ஒரு தாள், ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் 2 கிரெடிட். தேர்ச்சிக்கு 55 விழுக்காடு. தவறினால் ஆய்வைத் தொடர முடியாது.

மீதி கிரெடிட்களை எப்படி நிரப்புகிறீர்கள் என்பதில்தான் துறையிடை மாணவரின் எதிர்காலம் இருக்கிறது. தாய்த் துறையின் வழக்கமான தாளையே எடுத்துவிட்டு, ‘கணினியைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்’ என்று விடாதீர்கள். யூஜிசி ஏற்ற இணையவழிப் பாடங்களை இந்தக் கணக்கில் சேர்க்க ஆய்வுக்குழு பரிந்துரைக்கலாம். பிஎச்.டி.க்குள் தொலைதூரக் கல்வி உங்களுக்குச் சட்டப்படி உதவும் இடம் இது. மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் இயற்கை மொழி ஆய்வு (மனித மொழியைக் கணினியால் ஆராய்தல்), புள்ளியியல், புவித்தகவல் போன்ற பாடங்கள் ஜனவரி, ஜூலை பருவங்களில் தொடங்கும். படிப்பது இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். ஆனால் குழுவின் முன் அனுமதி கூட்டக் குறிப்பில் பதிவான பிறகே சேருங்கள். முடித்த பிறகு சான்றிதழைக் கொண்டுபோய்க் கேட்டால் ஏற்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

10. ஆய்வுக்குழு, அனுமதிகள், காலம்

குறைந்த காலம் 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்து இன்னும் 2, ஆக 8. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் மேலும் 2 ஆண்டு சேர்த்து 10 வரை. பெண்களுக்குப் பேறுகால, குழந்தை வளர்ப்பு விடுப்பு முழுக் காலத்திலும் 240 நாள் உண்டு. திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஊர் மாறும் பெண்கள் ஆய்வை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. இவையெல்லாம் கேட்டால்தான் கிடைக்கும்.

குழுவில் உங்கள் இணை நெறியாளர் தவிர இரண்டாம் துறை ஆள் இன்னொருவர் இருக்கட்டும். இல்லாவிட்டால் 4ஆம் ஆண்டில் ஒருவர் ‘இது தமிழ் ஆய்வே இல்லையே’ என்பார், பதில் சொல்ல அறையில் ஆள் இருக்காது. ஒவ்வொரு கூட்டக் குறிப்பிலும் அனைவரின் கையெழுத்தும் தேதியும் இருக்கின்றனவா என்று அன்றே பாருங்கள். விடுபட்ட ஒரு கையெழுத்துக்காகப் பிறகு மூன்று ஊர் அலைய வேண்டாம்.

மனிதர்களிடம் தரவு எடுத்தால் அறக்குழு அனுமதி, அரசுப் பள்ளிக்குள் போனால் கல்வித் துறையின் அனுமதி, காட்டுக்குள் போனால் வனத்துறையின் அனுமதி, எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் பல்கலைக்கழகத்தின் அறிமுகக் கடிதம். எல்லாமே தரவு எடுப்பதற்கு முன் தேதியில் இருக்க வேண்டும்.

தலைப்பில் பொருள், முறை, இடம், காலம் நான்கும் வரட்டும். ‘கல்வெட்டும் கணினியும்’ என்றால் எல்லையே இல்லை. ‘தஞ்சை வட்டாரச் சோழர் கல்வெட்டுகளில் நிலக்கொடைச் சொற்கள்: கணினிவழிப் பகுப்பாய்வு’ என்றால் முடிக்கலாம்.

11. கட்டுரை வெளியீடு

ஆய்வேடு கொடுப்பதற்கு முன் கட்டுரை கட்டாயம் என்ற பொதுவிதி 2022இல் நீங்கியது. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் அதை வைத்திருக்கின்றன. சேர்ந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பத்திரப்படுத்துங்கள், பெரும்பாலும் அதுவே உங்களைக் கட்டுப்படுத்தும். யூஜிசி ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலான யூஜிசி-கேர் 2025இல் கைவிடப்பட்டது. இன்னும் ‘கேர் பட்டியல் இதழ்’ என்று சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று சொல்லும் எந்த இதழும் வேண்டாம். ஒரு கட்டுரை தாய்த் துறை இதழில், ஒன்று இரண்டாம் துறையின் இதழிலோ கருத்தரங்கிலோ வந்தால், ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வான வைவாவில் இரு பக்கக் கேள்விகளுக்கும் அது கேடயம்.

12. ஆய்வேடு, ஒப்புமைச் சோதனை, வைவா

முதல் நாளிலிருந்தே யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த 300 பக்கத்தைக் கடைசியில் மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறி, மெய்ப்புப் பார்க்கவே ஒரு மாதம் போகும். அப்படியே கொடுத்தால் ஒப்புமை மென்பொருளுக்கும் புரியாது, தேடலிலும் கிடைக்காது.

ஒப்புமை, அதாவது பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு, 10 விழுக்காடு வரை சிக்கலில்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி 6 மாதத்துக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை ஓராண்டுத் தடை. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. கல்வெட்டு மூலப்பாடங்களை நீளமாக எடுத்தாள்பவர்கள் அவற்றைப் பின்னிணைப்புக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

தேர்வாளர் பட்டியல் தயாராகும்போது நெறியாளரிடம் தயங்காமல் பேசுங்கள். குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள் உண்டு. இருவரும் ஒரே துறையினராக அமைந்தால் மற்றப் பாதியை அவர்கள் அரைகுறையாகப் படித்து, ‘தேவையற்ற பகுதி’ என்று எழுதிவிட வாய்ப்புண்டு. பட்டியலில் இரு துறையினரும், இரண்டும் தெரிந்த ஓரிருவரும் இருக்கட்டும். முன்னுரையில் ஒவ்வொரு துறையினருக்கும் மற்றத் துறையின் கலைச்சொற்களை விளக்கும் 10 பக்கம் சேருங்கள். ஒருவர் நிராகரித்தால் மாற்றுத் தேர்வாளருக்குப் போகும், அவர் ஏற்றால்தான் வைவா. சமர்ப்பித்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மதிப்பீடு முழுவதும் முடிய வேண்டும் என்பது விதி. நான்காம் மாதத்திலிருந்தே ஆராய்ச்சிப் பிரிவுக்கு எழுத்தில் நினைவூட்டத் தொடங்குங்கள்.

வைவா முடிந்ததும் கேட்டு வாங்க வேண்டியவை: யூஜிசி விதிமுறைகளின்படி பட்டம் வழங்கப்படுகிறது என்று குறிப்பிடும் தற்காலிகச் சான்றிதழ், பதிவு பகுதி நேரம் என்பதையும் கோர்ஸ்வொர்க் முடித்ததையும் காட்டும் சான்று, என்ஓசியின் நகல், ஆய்வேடு சோத்கங்காவில் ஏறியதற்கான பதிவு. பட்டமளிப்பு விழா வரை காத்திருக்காமல் இவற்றை அந்த மாதமே வாங்கி, இனிஷியல் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.